குழாயைத் திருப்பி வைத்தேன்

என் வீட்டுக்காரருக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அதில் ஒருவர், நல்ல மனசோடுதான் சொன்னார், பத்தாங் காலியில் ஒரு இல்லம் இருக்கிறதாம், நம்ம ஆட்கள்தான் நடத்துகிறார்களாம், படுத்த படுக்கையாக இருப்பவர்களை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்களாம் என்று. நான் அடுப்படியிலிருந்து கையில் கரண்டியோடு வந்தேன்.

"என் உசுரு இருக்குற வரைக்கும் இவரு இந்த வீட்ட விட்டு எங்கயும் போக மாட்டாரு. சாப்பிட வந்தவங்க சாப்புட்டுட்டுப் போங்க," என்றேன்.

என் வாய் அப்படித்தான். இருபது வருஷம் ரவாங்கில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் மெஷின்களோடும் சூப்பர்வைசர்களோடும் மாரடித்தவள் நான். அங்கே கத்திப் பேசாவிட்டால் யார் காதிலும் விழாது. வந்தவர்கள் முகம் சுண்டிப்போய்ச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார்கள். கட்டிலில் கிடந்த அவர் மட்டும் தன்னால் அசைக்க முடிந்த இடது கையால் என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரம் விடவில்லை. வீட்டை விட்டு அனுப்பிவிடுவார்களோ என்று அந்த மனுஷர் எவ்வளவு பயந்திருக்கிறார் என்பது அந்தப் பிடியில்தான் எனக்குத் தெரிந்தது.

முப்பது வருஷம் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டியவர். தோட்டத்துச் சாலையில் மழைச் சேற்றில் புதைந்த லோரியைத் தனியாளாக வெளியே எடுத்தவர் என்று அவருடைய கூட்டாளிகள் சொல்வார்கள். அவருக்கு வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது, ஒவ்வொரு வார்த்தையாக, நடுவில் நீண்ட இடைவெளி விட்டு.

நாங்கள் இருப்பது புக்கிட் ரோத்தானில். தோட்டத்து லயங்களை இடித்தபோது எங்களைப் போன்றவர்களுக்குக் கொடுத்த வரிசை வீடுகளில் ஓரத்து வீடு. முன்னால் கூடம், பின்னால் அடுப்படி, அதற்குப் பின்னால் நாலடி அகலத்தில் சிமெண்டு போட்ட இடம். அதிலும் பாதியை எங்கள் சாமி எடுத்துக்கொண்டது. லயத்தில் இருந்த முனியாண்டிக் கல்லையும் சூலத்தையும் யார் எடுத்துப் போவது என்று எல்லாரும் முழித்துக்கொண்டிருந்தபோது, என் வீட்டுக்காரர்தான் லோரியில் ஏற்றிக்கொண்டு வந்து பின்சுவரை ஒட்டி ஒரு மேடை கட்டி வைத்தார். வெள்ளிக்கிழமை விளக்கேற்றுவது, சிவப்புத் துணி மாற்றுவது, எலுமிச்சம்பழம் குத்துவது எல்லாம் அவர் வேலை. அவர் விழுந்த பிறகு அது என் வேலையானது.

படுக்கையில் கிடக்கும் ஆளைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், அது முக்கால்வாசி துணி துவைக்கிற வேலை. ஒரு நாளைக்கு மூன்று விரிப்பு, இரண்டு கைலி, நாலைந்து துண்டு. டயப்பர் போட்டாலும் கசியத்தான் செய்யும். அதோடு ஒரு வைத்தியர் காய்ச்சிக் கொடுத்த எண்ணெயைக் காலையும் மாலையும் கை காலில் சூடு பறக்கத் தேய்த்து, துண்டால் ஒற்றி எடுப்பேன். அந்தத் துண்டுகளும் இந்தக் கும்பலில் சேரும். மழை மாதம் வந்ததும் எதுவும் காயவில்லை. வீடு பூராவும் கொடி கட்டினேன். கூடத்தில் குனிந்து குனிந்து நடந்தோம். அரைக் காய்ச்சலான விரிப்பில் படுத்துப் படுத்து அவர் முதுகில் புண் வந்துவிட்டது. கிளினிக்கிலிருந்து வந்த நர்ஸ் அதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு பிடி பிடித்தாள். ஈரத் துணி அவர் உடம்பில் படவே கூடாது என்றாள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. நான் பார்த்துக்கொள்வேன் என்று கரண்டியோடு வந்து சவால் விட்டவள் அல்லவா.

ரவாங்கில் வேலை பார்க்கும் என் மகளிடம் சொன்னேன். அடுத்த வாரமே துணி காய வைக்கிற டிரையர் வந்து இறங்கியது.

அதைப் பொருத்த வந்தவர் நடுத்தர வயதுச் சீனர். நிதானமான ஆள். அடுப்படிப் பின்சுவரில் வட்டமாகத் துளை போட்டு, டிரையரின் முதுகிலிருந்து ஒரு முழ நீளத்துக்கு அலுமினியக் குழாய் வைத்து, நேராக வெளியே விட்டார். துணியின் ஈரமும் சூடும் பஞ்சும் அந்த வழியாகத்தான் வெளியே போகும் என்று மலாயில் சொல்லிக் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் கதவுக்குள் இருக்கிற வலையில் படிந்த பஞ்சை எடுத்துவிட வேண்டும். மாதம் ஒரு தடவை குழாயைக் கழற்றி உள்ளே துடைக்க வேண்டும். குழாய் எவ்வளவு குட்டையாக, நேராக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. மெஷினை ஓடவிட்டுவிட்டு வெளியே போகக்கூடாது. கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னார். எனக்கா மெஷினைப் பற்றிச் சொல்கிறாய் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். தொழிற்சாலையில் காற்றுப் போகிற வழியில் யாராவது பெட்டியை வைத்தால் அவர்களை உண்டு இல்லை என்று ஆக்கியவள் நான்.

முதல் நாலு மாதம் எல்லாம் ஒழுங்காகத்தான் செய்தேன். மாதம் பிறந்தால் டிரையரை முன்னால் இழுத்து, குழாயைக் கழற்றி, துடைப்பக் கட்டையில் பழைய துணியைச் சுற்றி உள்ளே விட்டுத் துழாவுவேன். ஒரு கைப்பிடி பஞ்சு வரும். சாம்பல் நிறத்தில் இருக்கும், உற்றுப் பார்த்தால் அதில் அவருடைய கைலியின் நீலமும் அவர் தலைமுடியும் தெரியும். அதைக் கொண்டுபோய் அவரிடம் காட்டுவேன். "பாருங்க, ஒரு மாசத்துல எவ்ளோ தேஞ்சு போயிட்டீங்கன்னு," என்பேன். அவர் ஒரு பக்க வாயால் சிரிப்பார். விரிப்பு மொரமொரவென்று சூடாக வரும். அதை விரித்து அவரைப் புரட்டிப் போட்டால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பெருமூச்சு விடுவார். முதுகுப் புண் ஆறிவிட்டது. நர்ஸ் என்னைப் பாராட்டினாள். சொல்கிறேனே, அந்த நாலு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை விளக்கேற்றப் போனேன். சாமியின் சிவப்புத் துணியில் சாம்பலாக ஏதோ படிந்திருந்தது. சூலத்தில் குத்தியிருந்த எலுமிச்சம்பழத்திலும் அதுதான். விரலால் தொட்டுப் பார்த்தேன். டிரையர் பஞ்சு. அந்தச் சுவர்த் துளை சாமி மேடைக்கு நேர் எதிரே இருந்தது. இத்தனை நாளும் எப்படிக் கவனிக்காமல் இருந்தேன் என்று தெரியவில்லை. காற்று மழைக்காலத்தில் ஒரு பக்கம் அடித்தது, அது முடிந்ததும் திசை மாறியிருக்கும்.

மூத்திரத் துணியிலிருந்தும் மலத் துணியிலிருந்தும் வருகிற காற்று. அது தினமும் இரண்டு மணி நேரம் சாமியின் முகத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. என் வீட்டுக்காரருக்கு ஏன் இன்னும் கால் வரவில்லை, அதே சமயத்தில் விழுந்த இன்னொருத்தர் கோல் ஊன்றி நடக்கிறாரே என்று நான் ராத்திரி பகலாக யோசித்துக்கொண்டிருந்த நேரம் அது. காரணம் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன்.

அவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கொஞ்சம்கூட அதிரவில்லை.

"சாமி... நம்ம... ஆளு," என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "ஒண்ணும்... சொல்லாது."

"ஒண்ணும் சொல்லாமத்தான் இப்புடிப் படுத்திருக்கீங்களா? இன்னும் என்னென்ன வரணும் நமக்கு?" என்று எரிந்து விழுந்தேன்.

ஜெராமில் ஏர்கோன், அதாவது ஏசி, பொருத்தும் வேலை செய்கிற என் கொழுந்தனுக்குப் போன் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை வந்தார். குழாயைப் பின்சுவர் வழியாக விடக்கூடாது, மேலே ஏற்றி, அடுப்படிக் கூரைத் தட்டிக்கு மேலாகக் கொண்டுபோய், பக்கச் சுவர் வழியாக ரோட்டுப் பக்கம் விட வேண்டும் என்றேன். கொழுந்தன் டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"அண்ணி, பதினஞ்சு அடிக்கு மேல வரும் லா. மூணு எடத்துல வளையும். இவ்ளோ தூரத்துக்குக் காத்துத் தள்ளாது. பஞ்சு உள்ளயே தங்கிரும்."

"நீ ஏர்கோன்காரன்தான. காத்த இழுக்கத் தெரியாதா ஒனக்கு?"

"அதுக்கு இல்ல அண்ணி. மேல தட்டிக்குள்ள போயிட்டா நீங்க எப்புடிக் களட்டித் தொடைப்பீங்க? பேசாம சாமிய ரெண்டு அடி அந்தப் பக்கம் நகத்திக் கட்டிருவோம். நானே கட்டித் தரேன். ஒரு நாள் வேலை லா."

அவர் சொன்னது நியாயம். கூடத்தில் கட்டிலில் இருந்து என் வீட்டுக்காரரும், "ஆமா... ஆமா..." என்று குரல் கொடுத்தார். எனக்குத்தான் அந்த நேரத்தில் புத்தி கெட்டுப் போயிருந்தது.

"சாமிய வெச்சவரு உள்ள படுத்திருக்காரு. அவரு எந்திரிச்சு நடந்து வந்து நகத்தட்டும். அது வரைக்கும் யாரும் கைய வெக்கக் கூடாது," என்றேன்.

கொழுந்தன் கருவிப் பெட்டியைத் திறந்தார். அண்ணி என்று மரியாதை வைத்திருக்கிற ஆள். சாயங்காலத்துக்குள் நான் கேட்டபடியே செய்து கொடுத்தார். எலியும் மைனாவும் உள்ளே போய்விடக் கூடாது என்று வெளிமுனையில் சன்னமான கம்பி வலை ஒன்றையும் கட்டச் சொன்னேன். அதையும் கட்டினார். பழைய துளையை சிமெண்டு வைத்து அடைத்தார். நான் சாமிக்குப் புதுச் சிவப்புத் துணி சாத்தி, ஒரு கோழி நேர்ந்துகொண்டு, மன்னிப்புக் கேட்டேன். அன்றைக்கு இரவு நன்றாகத் தூங்கினேன்.

இதை எழுதும்போது என்னையே அறைய வேண்டும் போலிருக்கிறது. இரண்டு அடி. சாமியை இரண்டு அடி நகர்த்தியிருந்தால் போதும்.

கதவுக்குள் இருக்கிற வலையை நான் ஒரு தடவைகூடத் துடைக்காமல் விட்டதில்லை. அதைச் சத்தியம் செய்து சொல்வேன். ஆனால் மாதம் பிறந்தால் குழாயைக் கழற்றுகிற வேலை நின்றுவிட்டது. குழாய் கூரைத் தட்டிக்கு மேலே போய்விட்டதே, ஏணி வைத்து ஏறி, இருட்டில் தவழ்ந்து போய்க் கழற்ற என் முட்டிக்கு முடியுமா? கொழுந்தனைக் கூப்பிடலாம் என்று நினைப்பேன். அவருக்கு வேலை, அவருக்குக் குடும்பம், அடுத்த மாசம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவேன். அப்படியே எட்டு மாசம் போனது.

அறிகுறி இல்லாமல் இல்லை. முன்பெல்லாம் முக்கால் மணி நேரத்தில் காய்ந்த விரிப்பு ஒன்றரை மணி நேரம் ஆனது. அப்புறம் இரண்டு தடவை ஓட விட வேண்டியிருந்தது. மெஷின் மேல் கை வைத்தால் சுட்டது. அடுப்படிக் கூரைத் தட்டியில் மஞ்சளாக ஒரு கறை பரவியது. துணிகளில் லேசாக ஒரு வாடை, எண்ணெய் காய்ந்த வாடை. மெஷின் பழசாகிறது, எல்லாருக்கும் வயசாகிறது என்று சொல்லிக்கொண்டேன். தொழிற்சாலையில் இந்த மாதிரி ஒரு மெஷினை யாராவது ஓடவிட்டிருந்தால் நான் அவர்களைச் சும்மா விட்டிருப்பேனா? வீட்டில் எனக்கு சூப்பர்வைசர் யாரும் இல்லை.

இல்லை, இருந்தார். ஒரு நாள் மத்தியானம் எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் அடுப்படிப் பக்கம் கையைக் காட்டி, "ரொம்ப நேரம்... ஓடுது," என்றார். லோரி எஞ்சின் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்கிற காது அது. "நிப்பாட்டு... பாரு," என்றார். நான், "நீங்க படுத்துக்கிட்டே எனக்கு வேலை வைக்காதீங்க. நாளைக்கிப் பாக்குறேன்," என்றேன்.

அது நடந்தது மறுபடியும் மழை மாதம் வந்தபோது. பகல் பதினோரு மணி. எண்ணெய்த் துண்டுகளையும் விரிப்பையும் டிரையரில் போட்டு ஓடவிட்டேன். டயப்பர் தீரப்போகிறது, ஒன்றுதான் பாக்கி. மழை கொஞ்சம் விட்டிருந்தது. இப்போது போனால் நனையாமல் வந்துவிடலாம் என்று மோட்டார் சைக்கிளை எடுத்தேன். "கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்," என்றேன். அவர் தலையை ஆட்டினார். பக்கத்தில் ஸ்டூலில் எவர்சில்வர் தம்ளரில் தண்ணீர் வைத்துவிட்டுப் போனேன். கடையில் நின்று ஒருத்தியோடு ஊர்க்கதை வேறு பேசினேன். மொத்தம் அரை மணி நேரம் இருக்கும்.

திரும்பி வரும்போது தெரு முனையிலேயே புகை தெரிந்தது. செம்பனை மட்டையை எங்கேயோ எரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மழை மாதத்தில் யார் மட்டையை எரிப்பார்கள்?

அவர் ரோட்டோரத்தில் கிடந்தார். மெத்தையோடு தூக்கிக்கொண்டு வந்து, பக்கத்து வீட்டுக் கார் நிறுத்துகிற கூரைக்குக் கீழே போட்டிருந்தார்கள். கைலி பாதி விலகியிருந்தது. பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா தன் தலைத்துணியைக் கழற்றி அவர் இடுப்பில் போர்த்திவிட்டு, வெறும் தலையோடு தெருவில் நின்றார். அந்தம்மாவை அப்படி நான் அதற்கு முன்னால் பார்த்ததே இல்லை. என் வீட்டுக்காரரின் மூக்கைச் சுற்றிக் கறுப்பு. இருமிக்கொண்டே இருந்தார். அவரால் கத்த முடியாது. புகை கூடத்துக்குள் வந்ததும் அந்தத் தம்ளரை எடுத்துக் கட்டில் கம்பியில் இடித்திருக்கிறார். தண்ணீரைக் கொட்டிவிட்டு, விடாமல் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். முதலில் அந்தம்மா ஏதோ வேலை நடக்கிறது என்று நினைத்தாராம். சத்தம் நிற்காததால் எட்டிப் பார்த்திருக்கிறார். அவரும் அந்த வழியாக வந்த ஒரு லோரிக்காரரும்தான் உள்ளே போய்த் தூக்கினார்கள்.

நான் மோட்டாரைக் கீழே போட்டுவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் பத்திரமாக இருக்கிறேனா என்று என் கை காலைத்தான் பார்த்தார்.

பொம்பா வண்டி வந்து தீயை அணைத்தது. அடுப்படிக் கூரை முழுக்க இறங்கிவிட்டது. டிரையர் கறுத்துப்போய் நின்றது. தீயணைப்புக்காரர்களில் மூத்தவர் ஒருவர், கரிந்த குழாயின் ஒரு துண்டைக் கொண்டுவந்து என்னிடம் காட்டினார். கை நுழைய இடமில்லாமல் உள்ளே பஞ்சு அடைத்திருந்தது. வெளிமுனையில் கட்டிய கம்பி வலை, பஞ்சு படிந்து சுவர் மாதிரி இறுகியிருந்தது. "எண்ணெய்த் துணி காய வெச்சீங்களா?" என்று மலாயில் கேட்டார். ஆமாம் என்றேன். துவைத்தாலும் எண்ணெய் முழுசாகப் போகாது, அந்தப் பஞ்சில் எண்ணெயும் சேர்ந்திருக்கிறது, காற்றுப் போக வழியில்லாமல் சூடு ஏறினால் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்று பொறுமையாக விளக்கினார். திட்டவில்லை. நிறைய வீட்டில் இப்படித்தான் என்றார். அந்த எண்ணெயும் அவர் கால் வரட்டும் என்று நான் தேய்த்ததுதான்.

பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. சிவப்புத் துணி மழையில் நனைந்து, சுத்தமாக இருந்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். "ஒனக்காகத்தான திருப்புனேன். நீயாவது ஒரு சொல்லு சொல்லக் கூடாதா?" என்று கேட்டேன். சாமி என்ன செய்யும், பாவம். குழாயைத் திருப்பு என்று அது என்னைக் கேட்கவேயில்லை. கேட்காத ஒன்றுக்காக, வேண்டாம் என்று சொன்ன இரண்டு பேரின் வாயையும் அடைத்தவள் நான்.

புகையால் நெஞ்சு கெட்டு, அவர் நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். மூன்றாவது நாள் மகள் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப் போனாள்.

"ம்மா, நான் உங்களக் குத்தம் சொல்லல," என்றாள்.

குற்றம் சொல்ல மாட்டேன் என்று ஆரம்பித்தால் அதற்குப் பிறகு வருவது எதையும் எதிர்த்துப் பேச முடியாது. அவளுக்கு அது தெரிந்திருக்காது.

"அப்பாவ இப்போதைக்கு அந்த ஹோம்ல வெப்போம். கிச்சன் ரெடியாகுற வரைக்கும்மா. டெம்பரரி லா. எனக்கும் ரவாங்லேருந்து பக்கம், நெனைச்சப்ப போயிப் பாக்கலாம். ரெடியானதும் நீங்க சொல்லுங்க, நானே கூட்டிட்டு வந்து விடுறேன்."

நான் சரி என்றேன். கரண்டியும் இல்லை, சத்தமும் இல்லை. சரி என்று மட்டும் சொன்னேன்.

அவரிடம் நான்தான் சொன்னேன். அடுப்படி வேலை முடிகிற வரைக்கும்தான் என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முடிஞ்சதும்... வீடு?" என்றார். "பின்ன? வேற எங்க?" என்றேன். முந்தானையைப் பிடித்தார். ஆம்புலன்ஸ்காரர் தள்ளுகட்டிலை நகர்த்தும்போது நானாகத்தான் அந்த விரல்களைப் பிரித்தேன்.

பத்தாங் காலியில் அந்த இல்லம் நன்றாகத்தான் இருக்கிறது. குறை சொல்ல ஒன்றுமில்லை. நடத்துகிற புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் தங்கமானவர்கள். என் வீட்டுக்காரர் உடம்பில் புண் இல்லை, சவரம் செய்து வைத்திருக்கிறார்கள். முதல் நாள் நான் நேராகப் பின்பக்கம் போய், டிரையர் எங்கே இருக்கிறது, குழாய் எங்கே போகிறது என்று பார்த்தேன். அந்தம்மாவுக்கு முகம் ஒரு மாதிரியாகிவிட்டது. இருக்கட்டும். நான் இப்போது யார் வீட்டுக்குப் போனாலும் அதைத்தான் செய்கிறேன். கல்யாண வீடு, கருமாதி வீடு என்று பார்ப்பதில்லை, டிரையர் இருந்தால் அதை இழுத்துப் பின்னால் எட்டிப் பார்ப்பேன். பஞ்சு இருந்தால் அங்கேயே வைத்துத் திட்டுவேன். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று பேசிக்கொள்கிறார்கள் என்று காதில் விழுந்தது. பேசட்டும்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் மகள் வந்து என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு போவாள். போனதும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "கிச்சன்... முடிஞ்சிருச்சா?" என்பதுதான்.

"இன்னும் இல்ல. கூரைக்குத் தகரம் வரணும்," என்பேன். அடுத்த வாரம், "வயரிங்காரன் வரல," என்பேன். அதற்கடுத்த வாரம் சுண்ணாம்பு காயவில்லை என்பேன். அவர் தலையை ஆட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

அடுப்படி தைப்பூசத்துக்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. கொழுந்தன் இரண்டு ஆளை வைத்து, தானும் நின்று செய்து கொடுத்தார். புதுக் கூரை, புது வயரிங், சுவரெல்லாம் வெள்ளை. புது டிரையர் வாங்கி வைக்கட்டுமா என்று மகள் கேட்டாள். வேண்டாம் என்றேன். நான் அவளிடமும் இன்னும் கொஞ்சம் வேலை இருக்கிறது என்றே சொல்லிவந்தேன். அவள் நம்பினாளா, நம்புகிற மாதிரி இருந்தாளா என்று தெரியவில்லை. பொய் என்று அவளுக்குத் தெரிந்திருந்தால், அதற்காக அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அவரை அங்கே அனுப்பியது மகள் என்று ஊர் நினைக்கிறது. இல்லை. அடுப்படி முடிகிற வரைக்கும் அனுப்பினாள், அவ்வளவுதான். அங்கேயே வைத்திருக்கிறவள் நான். எனக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டில் கெண்டியில் தண்ணீர் கொதித்தால்கூட மூன்று தடவை போய்ப் பார்க்கிறேன். கடைக்குப் புறப்பட்டால் பாதி வழியில் திரும்பி வருகிறேன். இந்தக் கையை நம்பி அந்த மனுஷரை மறுபடி படுக்க வைக்க எனக்குத் தைரியம் இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்ற முடியவில்லையே என்று வெட்கம் ஒரு பக்கம். அவர் இல்லாத கூடத்தில் படுத்தால் தூக்கம் வராதது ஒரு பக்கம்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளுக்கு வேலை. கொழுந்தன் கூட்டிக்கொண்டு போனார். போகிற வழியில் பேச்சுவாக்கில், "அண்ணனுக்கு கிச்சன் ரொம்பப் பிடிச்சிருக்கு அண்ணி," என்றார்.

"அவரு எங்க பாத்தாரு?"

"வேலை முடிஞ்ச அன்னிக்கே போட்டோ எடுத்துட்டுப் போயிக் காட்டிட்டேனே. தைப்பூசத்துக்கு முன்னாடி. கூரைய நல்லா போட்டிருக்கன்னு சொன்னாரு."

வாரா வாரம் தகரம் வரவில்லை, வயரிங்காரன் வரவில்லை, சுண்ணாம்பு காயவில்லை என்று நான் அளந்துவிட்டதை எல்லாம், முடிந்துவிட்டது என்று தெரிந்துகொண்டே கேட்டுத் தலையாட்டியிருக்கிறார்.

இல்லத்துக்குள் போனேன். கொழுந்தன் வெளியே நின்றுகொண்டார். என் வீட்டுக்காரர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் வழக்கம்போல, "கிச்சன்..." என்று ஆரம்பித்தார்.

"முடிஞ்சிருச்சு," என்றேன். "முடிஞ்சு ரொம்ப நாளாச்சு. எனக்குத்தான் பயமா இருக்கு. ஒங்கள வெச்சுப் பாக்கப் பயமா இருக்கு."

சொல்லிவிட்டு அழுதேன். அத்தனை பேர் இருக்கிற கூடத்தில், சத்தம் போட்டுத்தான் அழுதேன். அவர் இடது கையை என் தலையில் வைத்தார்.

"தெரியும்," என்றார். அடுத்த வார்த்தைக்கு ரொம்ப நேரமானது. "நீயா... சொல்லணும்னுதான்... கேட்டேன்."

பிறகு என் முந்தானையால் என் முகத்தைத் துடைக்கப் பார்த்தார். சாப்பிட்டாயா என்று கேட்டார். அந்த வாரம் இல்லத்தில் புதிதாக வந்த ஆள் எப்படிக் குறட்டை விடுகிறார் என்று செய்து காட்டினார்.

அதற்கப்புறம் நாலு ஞாயிறு போய் வந்துவிட்டேன். அவர் ஒரு தடவைகூட அடுப்படியைப் பற்றிக் கேட்கவில்லை. வீட்டைப் பற்றியும் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கிளம்பி வரும்போது பயந்து பயந்து காத்திருக்கிறேன், கேட்பார் என்று. எனக்குப் பயம் என்று தெரிந்த பிறகு அவர் கேட்க மாட்டார்.